கோட்டின் மேல் நடக்கச் சொன்ன டாக்டர்

உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வாண்டுகளுக்கென்று தனியாக ஒரு போட்டி வைப்பார்களே, பார்த்திருப்பீர்கள். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். அடுத்து, மேசைக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டும். வரிசையாகக் கிடக்கும் வளையங்களுக்குள் தொப்புத் தொப்பென்று குதிக்க வேண்டும். கடைசியில் சின்ன பெஞ்சில் ஏறி இறங்க வேண்டும். ஒரு வாண்டு பாதி வழியில் நின்று அம்மாவைப் பார்த்துக் கையாட்டும். இன்னொன்று வளையத்துக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். நாமெல்லாம் கைதட்டிச் சிரிப்போம்.

ஆனால், அது வெறும் வேடிக்கை இல்லை. அந்த வயதில் அதுதான் பாடம்! நேராக நடப்பது, விழாமல் ஏறுவது, இடிக்காமல் நுழைவது, சிந்தாமல் எடுத்து வருவது... இவையெல்லாம் நமக்குத் தானாகவே வந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொன்றையும் விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டோம். நமக்குத்தான் அது நினைவில் இல்லை!

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஒரு டாக்டர் அம்மா. மூன்று வயதுப் பிள்ளைகள் ஏறவும், தொங்கவும், குதிக்கவும் ஏற்ற சின்னச் சின்ன சாதனங்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர். இத்தாலியில் பிறந்தவர். நம் சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார். உங்கள் ஊரிலும் 'மாண்டிசோரி பள்ளி' என்று ஒரு பெயர்ப் பலகை இருக்கலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையைக் கேளுங்கள்.

டாக்டராகத்தான் போவேன்!

இத்தாலியில் அன்கோனா என்ற கடற்கரை நகரத்துக்குப் பக்கத்தில் கியாரவல்லே என்று ஒரு சிற்றூர். அங்கே 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி மரியா பிறந்தார். அப்பா அலெசாண்ட்ரோ அரசு அதிகாரி. அம்மா ரெனில்டே நன்றாகப் படித்தவர். புத்தகம் என்றால் உயிர். அந்தக் காலத்து இத்தாலியில் பெண்கள் அவ்வளவு படிப்பது அபூர்வம்.

மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோம் நகரத்துக்குக் குடியேறியது. மரியாவுக்குக் கணக்கு மிகவும் பிடிக்கும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே படித்த தொழில்நுட்பப் பள்ளியில் 13 வயதில் சேர்ந்தார். என்ஜினீயர் ஆகலாம் என்று நினைத்தார். பிறகு மனம் மாறி, டாக்டராவது என்று முடிவு செய்தார். அப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லை. பெண் பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் பொருத்தம் என்பது அவர் எண்ணம். அம்மாவோ மகள் பக்கம் நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும் தொல்லை தீரவில்லை. இறந்த உடலை அறுத்துப் பார்த்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படிப்பது மருத்துவ மாணவர்களுக்குக் கட்டாயப் பாடம். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் அதைப் பார்ப்பது தகாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, மாலை நேரத்தில், அந்த உடல்களுக்கு நடுவே மரியா தனியாக நின்று படித்தார். நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது, இல்லையா? அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. 1896-இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரானார்.

வெறும் அறைக்குள் பிள்ளைகள்

டாக்டரான மரியாவுக்கு ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அதற்காக அவர் மனநோயாளிகளை அடைத்து வைத்திருக்கும் விடுதிகளுக்குப் போய் வருவார். அங்கே அவர் கண்ட காட்சி நெஞ்சைப் பிசைந்தது. மூளை வளர்ச்சி குறைந்த சின்னப் பிள்ளைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அங்கேயே அடைத்திருந்தார்கள்! அந்தப் பிள்ளைகளுக்கு எதையும் கற்றுத்தர முடியாது என்று அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள்.

ஒரு விடுதியில் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைத் துழாவுவார்களாம். அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண் அதைக் கண்டு முகம் சுளித்தாராம். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். பொம்மை இல்லை. பந்து இல்லை. கையில் எடுத்துப் பார்க்க ஒரு துரும்புகூட இல்லை. பிள்ளைகள் தேடியது தின்பதற்கு இல்லை, தொட்டுப் பார்ப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்றுதான் தேடினார்கள் என்று மரியாவுக்குப் புரிந்தது. கைகளுக்கு வேலை கொடுத்தால் மூளையும் விழித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றியது.

இப்படி யோசித்தவர்கள் தமக்கு முன்னால் யாராவது உண்டா என்று தேடினார். பிரான்ஸில் இரண்டு டாக்டர்கள் கிடைத்தார்கள். ஒருவர் இதார், காட்டில் தனியாகத் திரிந்த ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். இன்னொருவர் அவருடைய மாணவர் செகன். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு ஏணி, ஊஞ்சல் போன்றவற்றைக் கொண்டு முதலில் உடம்பை வசப்படுத்தச் சொல்லிக்கொடுத்தவர். மரியா அவர்களுடைய புத்தகங்களை இத்தாலி மொழியில் முழுக்கத் தம் கையாலேயே எழுதிப் படித்தார். செகனின் புத்தகம் மட்டும் சுமார் 600 பக்கம்!

பிறகு, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ரோமில் நடந்த பள்ளியில் இரண்டு ஆண்டுகள் காலை முதல் இரவு வரை உழைத்தார். பலன் கிடைத்தது. அவரிடம் படித்த சில பிள்ளைகள், மற்றப் பள்ளி மாணவர்களோடு சேர்ந்து தேர்வு எழுதி வெற்றி பெற்றார்கள்!

ஊரே பாராட்டியது. மரியாவுக்கோ வேறொரு கவலை. இவ்வளவு குறைகளோடு இருக்கும் பிள்ளைகளே இப்படித் தேறினால், நன்றாக இருக்கும் பிள்ளைகள் இன்னும் எவ்வளவோ மேலே போயிருக்க வேண்டுமே! அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது?

ஊசியில் குத்திய வண்ணத்துப்பூச்சிகள்

விடை தேடிச் சாதாரணப் பள்ளிகளுக்குள் எட்டிப் பார்த்தார். தரையோடு ஆணி அடித்த கனமான பெஞ்சுகள். ஒரு பிள்ளை அசைந்தாலும் திட்டு. வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தால் முதுகெலும்பு கோணிவிடும் என்று சில அறிஞர்கள் அஞ்சி, அளவெடுத்து விசேஷ பெஞ்சு செய்தார்களே தவிர, பிள்ளைகளை எழுந்து நடக்க விடலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை! அட்டையில் ஊசி குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சிகளைப் போலப் பிள்ளைகள் இருப்பதாக மரியா வருந்தினார். இறக்கை இருந்தும் பயன் இல்லையே!

உடற்பயிற்சி வகுப்பு இல்லாமல் இல்லை. ஆனால், அதுவும் ஆசிரியர் அதட்ட, எல்லோரும் ஒன்றுபோலக் கையைக் காலை ஆட்டுவதாகத்தான் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு? நடக்க, மூச்சுவிட, பேச, பொத்தான் மாட்ட உதவுவதல்லவா அதற்கேற்ற உடற்பயிற்சி என்று மரியா கேட்டார்.

குழந்தைகள் இல்லம்

சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. அங்கே பாழடைந்து கிடந்த அடுக்குமாடி வீடுகளை ஒரு நிறுவனம் செப்பனிட்டுக் குடிவைத்தது. அப்பா, அம்மா இருவரும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடி, சுவரில் கிறுக்கி ஒரே அமர்க்களம்! அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நிறுவனத்தார் மரியாவைக் கேட்டார்கள்.

ஒரு பெரிய டாக்டர், அதுவும் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்பவர், ஆயா வேலைக்கா போவது என்று சிலர் நினைத்தார்கள். மரியா மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி சுமார் 50 பிள்ளைகளோடு 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அழுத கண்ணும் அழுக்குச் சட்டையுமாக வந்தார்கள் அந்தப் பிள்ளைகள்.

அங்கே ஆணி அடித்த பெஞ்சு கிடையாது. பிள்ளைகளே தூக்கி வைக்கக்கூடிய லேசான சின்ன நாற்காலிகளும் மேசைகளும் செய்து போடச் சொன்னார் மரியா. அவை விழுந்து ஓயாமல் சத்தம் கேட்குமே என்று பார்த்தவர்கள் பயந்தார்கள். விழட்டுமே என்றார் மரியா. நாற்காலி விழுந்தால், தான் இடித்துவிட்டோம் என்று பிள்ளைக்கே தெரியும். அடுத்த முறை இடிக்காமல் நடக்கும். அசையாத பெஞ்சு அதைச் சொல்லித் தராதே!

அப்படித்தான் நடந்தது. சில மாதங்களில் பிள்ளைகள் மேசைகளுக்கு இடையே பூனைபோல் நடந்தார்கள். இல்லத்தில் சாப்பாட்டு நேரத்தில் பரிமாறும் வேலையும் பிள்ளைகளுக்குத்தான்! நான்கு வயதுப் பிள்ளை சூப் நிறைந்த பெரிய பாத்திரத்தைச் சிந்தாமல் தூக்கி வந்ததைப் பார்த்துப் பெரியவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

கம்பி வேலி சொன்ன பாடம்

மரியாவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பிள்ளைகள் குறும்பு செய்தால் உடனே தடுக்க மாட்டார். ஏன் செய்கிறார்கள் என்று உற்றுப் பார்ப்பார்.

ஒருநாள் அவருடைய இல்லம் ஒன்றில் பிள்ளைகள் வெளியே வரிசையாக நடந்து விளையாடினார்கள். களைத்தவர்கள் உட்காருவதற்கு நாற்காலிகளும் போட்டிருந்தன. ஆனால், சில வாண்டுகள் வரிசையைவிட்டு ஓடின. நாற்காலிக்குப் போகவில்லை, பக்கத்தில் இருந்த கம்பி வேலிக்குப் போயின. மேல் கம்பியைக் கைகளால் பிடித்தன. கீழ்க் கம்பியில் கால்களை வைத்தன. நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, நடந்து போகிறவர்களைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தன!

வேறு ஒருவராக இருந்தால், இறங்கு கீழே என்று அதட்டியிருப்பார். மரியா டாக்டர் அல்லவா? பிள்ளைகளின் உடம்பை நினைத்துப் பார்த்தார். சின்னக் குழந்தைக்கு உடம்பு நீளம். அதைத் தாங்கும் கால்களோ குட்டை. நெடுநேரம் நின்றால், நடந்தால் கால் சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் குட்டிப் பிள்ளைகள் அடிக்கடி தரையில் படுத்துக் காலை ஆட்டுகிறார்கள், தவழ்கிறார்கள். அது சோம்பல் இல்லை. வேலியில் தொங்கும்போது உடம்பின் பாரத்தில் ஒரு பகுதியைக் கைகள் தாங்கிக்கொள்கின்றன. கால்களுக்கு ஓய்வும் கிடைக்கிறது, பயிற்சியும் கிடைக்கிறது. தங்களுக்கு என்ன தேவை என்று அந்தப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள்!

உடனே மரியா, பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற குட்டி வேலி ஒன்றைப் பள்ளிகளில் வைக்கச் சொன்னார். அது யாரையும் தடுப்பதற்கான வேலி இல்லை. ஏறி விளையாடுவதற்கான வேலி! அதோடு நிறுத்தவில்லை. 1909-இல் வெளிவந்த தம் முதல் கல்விப் புத்தகத்தில் இன்னும் பல சாதனங்களைப் பற்றி எழுதினார்.

ஊஞ்சல் நாற்காலி: செகன் சொன்ன யோசனை இது. கால்களை நீட்டிக்கொள்ள வசதியாக அகலமான இருக்கை. எதிரே சுவரில் ஒரு பலகை. பிள்ளை காலால் பலகையை உதைத்தால் ஊஞ்சல் பின்னால் போய்த் திரும்ப வரும். நின்று களைக்காமலேயே கால்கள் வலுப்பெறும்.

வட்டப் படிக்கட்டு: சுழன்று ஏறும் சின்ன மரப் படிகள். ஒரு பக்கம் கைப்பிடி உண்டு. இன்னொரு பக்கம் இல்லை. பிடித்துக்கொண்டும் ஏறலாம், பிடிக்காமல் ஏறியும் பழகலாம். வீட்டுப் படிகள் பெரியவர்களின் காலுக்குக் கட்டியவை. இதில் படிகள் பிள்ளைகளின் காலுக்கு ஏற்றபடி மிகத் தாழ்வாக இருக்கும்.

குதிக்கும் மேடை: கோடுகள் வரைந்த தாழ்வான பலகை. எந்தக் கோடு வரை குதித்தோம் என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளலாம். நேற்று இரண்டாவது கோடு என்றால், இன்று மூன்றாவது! போட்டி அடுத்தவரோடு இல்லை, தன்னோடுதான்.

நூலேணி: ஏறும்போது கையும் காலும் ஒன்றுக்கொன்று உதவக் கற்றுக்கொள்ளும்.

பார்த்தீர்களா? வேலி, படி, மேடை, ஏணி... இவற்றை வரிசையாக வைத்தால் இன்றைய மழலையர் பள்ளிகளில் வைக்கும் தடை தாண்டும் விளையாட்டுதானே!

கோடும் மணியும்

இவற்றுக்கெல்லாம் காசு வேண்டும். காசே இல்லாமல் ஒரு பயிற்சியும் சொன்னார் மரியா. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. அதன் மேல் நடக்க வேண்டும். அவ்வளவுதான்!

எளிதுதான் என்று நினைக்கிறீர்களா? ஒரு குதிகாலுக்கு முன்னால் அடுத்த பாதத்தை ஒட்டி வைத்து நடந்து பாருங்கள். உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். சாயும்போது காதுக்கு உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. கண்ணும், காலின் தசைகளும் மூட்டுகளும்கூட அனுப்புகின்றன. மூளை அவற்றைக் கூட்டிப் பார்த்து, எந்தத் தசையை இழுப்பது என்று நொடியில் முடிவு செய்கிறது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் இந்தக் கணக்கு மூளைக்குப் பழகும்.

கோட்டில் நடக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்த கட்டம் உண்டு. கையில் சாய நீர் நிறைந்த கண்ணாடி டம்ளரைப் பிடித்து, சிந்தாமல் நடக்க வேண்டும். பிறகு ஒரு சின்ன மணி; அது கிணுங்காமல் நடக்க வேண்டும்! நம் எலுமிச்சைக் கரண்டிப் போட்டி நினைவுக்கு வருகிறதா? ஒரே ஒரு வித்தியாசம். மரியாவின் கோட்டில் முதல் பரிசு, கடைசி இடம் எதுவும் கிடையாது.

இன்னொன்று, 'மௌன விளையாட்டு'. ஒருநாள் மரியா நான்கு மாதக் குழந்தை ஒன்றைக் கையில் ஏந்தி வகுப்புக்குள் வந்தார். அந்தக் குழந்தை எவ்வளவு அமைதியாக இருக்கிறது, மூச்சுகூடக் கேட்கவில்லை பாருங்கள் என்று வேடிக்கையாகச் சொன்னார். உடனே பிள்ளைகள் எல்லோரும் கை, கால் அசையாமல் மூச்சை மெதுவாக விட்டார்கள். அறையே நிசப்தம்! பிறகு இதையே விளையாட்டாக்கினார். பக்கத்து அறையிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். கூப்பிடப்பட்ட பிள்ளை நாற்காலி நகரும் ஓசைகூட எழாமல், எதிலும் இடிக்காமல், நுனிக்காலில் நடந்து அவரிடம் வர வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் பெயர் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள்! அடக்கி வைத்து வந்த அமைதி இல்லை அது. உடம்பைத் தன் சொல்படி கேட்க வைக்கத் தெரிந்ததால் வந்த அமைதி.

சீருடையும் அணிவகுப்பும்

மரியாவின் புகழ் கடல் கடந்தது. புத்தகம் பல மொழிகளில் வந்தது. 1915-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை ஒன்றை அமைத்தார்கள். பிள்ளைகள் உள்ளே தங்கள் பாட்டுக்கு வேலை செய்ய, கூட்டம் வெளியே நின்று வியந்து பார்த்தது.

இத்தாலியில் முசோலினியின் சர்வாதிகார ஆட்சி வந்தது. முதலில் அந்த அரசு மரியாவின் பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால், அந்த ஆட்சி பிள்ளைகளுக்குச் சீருடை மாட்டி, வருங்காலச் சிப்பாய்களாக அணிவகுக்கச் சொன்னது. ஒருவர் கட்டளையிட, எல்லோரும் ஒன்றுபோலக் கால் வைக்கும் நடை அது! ஒவ்வொரு பிள்ளையும் தானாக நடக்கக் கற்க வேண்டும் என்றவருக்கும் அந்த ஆட்சிக்கும் எப்படி ஒத்துப்போகும்? 1934-இல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. சொந்த நாட்டைவிட்டு விலகிய மரியா, பல ஆண்டுகளாக வாழ்ந்துவந்த ஸ்பெயினில் இருந்தார். 1936-இல் அங்கேயும் உள்நாட்டுப் போர் மூண்டது. அதைவிட்டும் கிளம்பி, நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அறுபத்தாறு வயதில் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

அடையாறில் ஒரு பிறந்தநாள் பரிசு

அப்போதுதான் நம் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர்கள், அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய அவர் மனைவி ருக்மிணி தேவியும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்; சில மாதம் தங்கினால் போதும் என்பது ஏற்பாடு. 1939 நவம்பரில் மரியா மகன் மரியோவோடு வந்து இறங்கினார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். மரியா இத்தாலி மொழியில் பேசுவார். மரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1940 ஜூனில் இத்தாலி, இங்கிலாந்துக்கு எதிராகப் போரில் குதித்தது. இந்தியாவை ஆண்டதோ ஆங்கிலேய அரசு. அவ்வளவுதான்! இத்தாலியர்கள் எல்லோரும் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். மரியோவைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். மரியா அடையாறு வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. பிள்ளைகள் தாராளமாக நடமாட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடியவருக்கு, நடமாடத் தடை!

அதைவிடப் பெரிய வேதனை மகனைப் பிரிந்தது. சூழ்நிலை காரணமாக மரியோ சிறுவயதில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தவர். சுமார் 15 வயதில்தான் அம்மாவிடம் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கு வலது கை அவர்தான். இப்போது மறுபடியும் பிரிவு!

அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி மரியாவுக்கு 70 வயது நிறைந்தது. அன்று வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. உங்கள் பிறந்தநாளுக்கு என்ன பரிசு தருவது என்று யோசித்து, உங்கள் மகனையே திருப்பித் தருகிறோம் என்பது அதன் செய்தி. மரியோ விடுதலையானார். இதைவிட நல்ல பரிசு ஓர் அம்மாவுக்கு என்ன இருக்க முடியும்!

கொடைக்கானல் மலையில்

சில மாதங்களுக்கென்று வந்தவர் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அதில் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் வாசம். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து செடி, கொடி, பூச்சி, பாறை என்று இயற்கையிடமிருந்தே பாடம் படித்தார்கள். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவான ஒரு புத்தகம் 1949-இல் அடையாறிலேயே அச்சாகி வெளிவந்தது. அதில் குட்டிப் பிள்ளைகளின் நடையைப் பற்றி அழகாகச் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் எங்காவது போய்ச் சேர நடக்கிறார்கள். குழந்தையோ நடப்பதற்காகவே நடக்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சும்மா நடந்தால் போதாது. கனமான எதையாவது தூக்கிக்கொண்டு, மேடான எதன் மீதாவது ஏற வேண்டும்! உங்கள் வீட்டுக் குட்டி, அப்பாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறதே, அதுவும் இதே ஆசையால்தான்.

போர் முடிந்த பின் மரியா ஐரோப்பா திரும்பினார். மீண்டும் இந்தியா வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி, நெதர்லாந்தில் நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் தமது 81-ஆவது வயதில் காலமானார். பிற்பாடு அவருடைய சொந்த நாடான இத்தாலி, 1990-இல் வெளியிட்ட 1000 லிரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டுப் பெருமைப்படுத்தியது.

நீங்களும் செய்யலாம்!

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்று, நான்கு வயதுத் தம்பி, தங்கை இருக்கிறார்களா? பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அவர்களுக்காக ஒரு தடைப் பாதை அமைத்துக் கொடுங்கள்.

முதலில் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு நீளக் கோடு. அது முடியும் இடத்தில் இரண்டு தலையணை, அதுதான் மலை! அடுத்து ஒரு நாற்காலி. அதற்கு அடியில் தவழ்ந்து போகக் குகை. பிறகு தரையில் விரித்த துண்டு. அதுதான் ஆறு, தாண்ட வேண்டும். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் பாதித் தண்ணீர்; அதைச் சிந்தாமல் கொண்டுவந்து தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டும். வழுக்கும் தரை, கூர்மையான மூலை, உயரமான இடம் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

மாண்டிசோரி அம்மையார் வழியில் நடத்த வேண்டும் என்றால் நான்கு விஷயங்களை மறக்காதீர்கள். முதலில் நீங்கள் மெதுவாகச் செய்து காட்டுங்கள், அதிகம் பேசாதீர்கள். குட்டி தடுமாறினால் உடனே கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கத்தில் நின்றால் போதும். சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டாதீர்கள். மறுபடியும், மறுபடியும் என்று கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். ரோமில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டைகளைக் குழிகளில் பொருத்தும் ஒரே வேலையை நாற்பது முறைக்கு மேல் செய்தாள்! மரியா அதைத் தடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

டம்ளர் தண்ணீர் செடிக்கு வந்து சேரும்போது அந்தக் குட்டியின் முகத்தைப் பாருங்கள். அந்த ஒரு சிரிப்புக்காகத்தான் அந்த டாக்டர் அம்மா தம் வாழ்நாள் முழுவதும் உழைத்தார்.